ஸ்கேன் நார்மல் என்றால் ஏ.டி.எச்.டி. இல்லை என்று அர்த்தமா?

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை போன் வரும். நோட்டில் பாதி எழுதிவிட்டு நிறுத்தியிருப்பான், டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், ஒரு கால் ஷூ என்று தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வருவான், பக்கத்துப் பையனைச் சீண்டாமல் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். போன வருடம் ஒரு கிளினிக்கில் "எதுக்கும் மூளைக்கு ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் இல்லை என்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன வியாதி? எல்லாம் செல்லம். ரெண்டு போடு போட்டா அடங்கிருவான்."

அன்று ராத்திரி அக்கா என்னிடம் கேட்டாள்: "மூளையில ஒண்ணுமே இல்லைன்னா, நான்தான் சரியா வளர்க்கலையாடா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நிறையப் படித்தேன். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமை, துறுதுறுப்பு, யோசிக்காமல் செய்துவிடுவது ஆகியவை சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு, உள்ளவர்களின் மூளையில் வித்தியாசம் இருக்கிறது, அது நிஜம், முப்பது வருடத்துக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு குழந்தையின் ஸ்கேனை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும், ஆனால் முரண் இல்லை.

ரேடியாலஜிஸ்ட் ஒரு மூளை ஸ்கேனில் தேடுவது கட்டி, ரத்தக் கசிவு, நீர்த்தேக்கம், பழைய அடியின் தழும்பு, பிறவியிலேயே சரியாக உருவாகாத பகுதி போன்றவற்றைத்தான். வலிப்பு இருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, வேறு நரம்புக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலோ அந்த ஸ்கேன் அவசியம். ஏ.டி.எச்.டி. அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. உடைந்துபோன பாகம் எதுவும் அங்கே இல்லை. அளவிலும், வளரும் வேகத்திலும், ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசிக்கொள்ளும் விதத்திலும்தான் வித்தியாசம். "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தால் கட்டி இல்லை, கசிவு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதை வைத்து ஏ.டி.எச்.டி. உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

சரி, அந்த வித்தியாசம் என்ன? 2002-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி. உள்ள 152 பிள்ளைகளையும் இல்லாத 139 பிள்ளைகளையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். மூளையின் மொத்த அளவு முதல் குழுவில் சராசரியாகச் சுமார் 3 சதவீதம் குறைவாக இருந்தது, சிறுமூளையும் அதில் சேர்த்தி. உடனே யாரும் "அப்போ புத்தி கம்மியா?" என்று கேட்டுவிட வேண்டாம். மூளையின் அளவை வைத்து ஒரு ஆளின் புத்தியை எடைபோட முடியாது, இங்கே சொல்வது குழுவின் சராசரியை மட்டும்தான். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. 152 பேரில் 49 பேர் எந்த மாத்திரையும் எடுத்துக்கொள்ளாதவர்கள், அவர்களிடமும் இதே வித்தியாசம் இருந்தது. மாத்திரை கொடுத்துக் கொடுத்துத்தான் மூளை இப்படி ஆகிறது என்ற வாதம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்த 49 பிள்ளைகளே பதில்.

அதே நிறுவனத்திலிருந்து ஃபிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் அக்காவிடம் முதலில் சொன்னேன். குழந்தையின் மூளைப் புறணி, அதாவது மேலே சுருக்கம் சுருக்கமாகத் தெரியும் அந்த அடுக்கு, சிறு வயதில் தடிமன் கூடிக்கொண்டே போய் ஒரு உச்சத்தைத் தொடும், பிறகு பதின்ம வயதில் மெலிய ஆரம்பிக்கும். மெலிவது கெட்டது அல்ல, வளர்ச்சியின் ஒரு படிதான் அது, வேண்டாத இணைப்புகளைக் கழித்து வேண்டியதைப் பலப்படுத்துவது அதில் ஒரு பங்கு. ஷா குழு ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று தலா 223 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, புறணியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளில், உச்சத் தடிமன் எந்த வயதில் வருகிறது என்று பார்த்தது. ஏ.டி.எச்.டி. இல்லாத பிள்ளைகளுக்குப் பாதிப் புள்ளிகள் ஏழரை வயதில் உச்சத்தை எட்டின. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. மூன்று வருடத் தாமதம். அந்தத் தாமதம் அதிகமாகத் தெரிந்தது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்புறப் புறணியில், அதாவது திட்டமிடுவது, காத்திருப்பது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் நிறுத்துவது, ஒரு வேலையை நினைவில் பிடித்து வைத்திருப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் இடத்தில். அதே சமயம் கை கால்களை அசைக்க ஆணையிடும் இயக்கப் புறணி இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே முதிர்ந்திருந்தது!

நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் முன்கூட்டியே வந்து சீட்டில் உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட்டார். எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் கொடுக்கிற கண்டக்டர் இன்னும் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, டிரைவருக்கும் இல்லை, ஆனால் விசில் இல்லாமல் அது ஸ்டாப்பில் நிற்காது. பள்ளியில் அந்தப் பிள்ளையைப் பார்த்து "வேணும்னே பண்றான்" என்று சொல்லும்போது, வராத கண்டக்டருக்காக டிரைவரை அடிக்கிறோம்.

இன்னொரு விஷயமும் அதே தாமதத்தோடு சேர்ந்தது. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கைக்கு வயதுக் கெடுவாக வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, அதாவது வகுப்பிலேயே சின்னவர்களுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஏ.டி.எச்.டி. என்று முடிவு கட்டுவது 34 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட ஒரு வயது குறைந்த பிள்ளை ஒரு வயது குறைந்த பிள்ளையைப் போல நடந்துகொண்டதற்கே நோய்ப் பெயர் கிடைத்திருக்கலாம். மூளை முதிர்வது மாதக் கணக்கிலேயே வித்தியாசப்படும் வயதில், சீக்கிரம் சேர்த்தால் ஒரு வருடம் மிச்சம் என்று எல்.கே.ஜி.யில் தள்ளுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்புறம் 2017. அதுவரை வந்த ஆய்வுகளில் பல, ஐம்பது பேர் நூறு பேர் என்று சின்ன அளவில் செய்தவை. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சியில் 23 மையங்களின் ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்தார்கள்: ஏ.டி.எச்.டி. உள்ள 1,713 பேர், இல்லாத 1,529 பேர், 4 வயதிலிருந்து 63 வயது வரை. அமிக்டலா, அக்கும்பென்ஸ், புடமென், காடேட், ஹிப்போகாம்பஸ் என்று மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஐந்து பகுதிகள் ஏ.டி.எச்.டி. குழுவில் சராசரியாகச் சிறியவை என்று தெரிந்தது. உணர்ச்சி, பரிசை எதிர்பார்ப்பது, பழக்கம், அசைவு, நினைவு என்று இவை ஒவ்வொன்றும் பல வேலைகளில் பங்கெடுப்பவை. வித்தியாசம் குழந்தைகளிடம்தான் தெளிவாக இருந்தது, பெரியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது காணவில்லை. வளர்ச்சித் தாமதம் என்ற எண்ணத்தோடு இது பொருந்துகிறது.

ஆனால் எவ்வளவு சிறியவை? அதிக வித்தியாசம் தெரிந்த பகுதி அமிக்டலா, அதிலும் புள்ளியியல் அளவுகோலில் 0.19 மட்டும்தான். புரியும்படி சொன்னால் இப்படி: ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவர், இல்லாத ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு ஜோடிகளை எடுத்தால், சுமார் 55 ஜோடிகளில் ஏ.டி.எச்.டி. உள்ளவரின் அமிக்டலா சிறியதாக இருக்கும், மீதி 45 ஜோடிகளில் அவருடையதுதான் பெரியதாக இருக்கும். பூவா தலையா போட்டாலே ஐம்பது வரும்! மூவாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து அளந்தால்தான் இந்த ஐந்து ஜோடி வித்தியாசம் நிஜம் என்று உறுதியாகிறது, என் அக்கா மகன் ஒருவனுடைய படத்தில் அது எப்படித் தெரியும்? சென்னைப் பையன்களின் சராசரி உயரம் மதுரைப் பையன்களைவிட அரை சென்டிமீட்டர் அதிகம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பையனை முன்னால் நிறுத்தி, உயரத்தை மட்டும் அளந்து, அவன் எந்த ஊர் என்று சொல்லிவிட முடியுமா?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2011-இல் ஏ.டி.எச்.டி.-200 என்று உலக அளவில் ஒரு போட்டி நடந்தது. பல மையங்களில் எடுத்த பிள்ளைகளின் மூளை ஸ்கேன்களைப் பொதுவில் வைத்து, யாருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, எந்த வகை, யாருக்கு இல்லை என்று கணினியை வைத்துக் கண்டுபிடியுங்கள் என்று உலகத்துக்கே சவால் விட்டார்கள். ஸ்கேனைப் பயன்படுத்திய அணிகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அணி முதலாவதாக வந்தது, சுமார் 60.5 சதவீதம் சரி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக அணி 62.5 சதவீதம் எடுத்தது. ஆனால் அவர்கள் கடைசியில் அனுப்பிய விடையில் மூளைப் படம் ஒன்றுகூட இல்லை! வயது, ஆணா பெண்ணா, வலது கையா இடது கையா, ஐ.க்யூ. மதிப்பெண், எந்த மையத்தில் எடுத்த தகவல், இவ்வளவையும் மட்டும் வைத்துச் சொன்ன விடை அது. போட்டியே ஸ்கேனை வைத்துச் செய்ய வேண்டியது என்பதால் பரிசு ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனது. இன்றைக்கு யாராவது உங்களிடம் மூளையைப் படம் எடுத்து ஏ.டி.எச்.டி.யைக் காட்டித் தருகிறேன் என்று காசு கேட்டால் இந்தப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு முறைகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன, ஆனாலும் ஸ்கேனை வைத்து ஏ.டி.எச்.டி.யை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

வடிவத்தை விட்டுவிட்டு, மூளை வேலை செய்யும் விதத்துக்கு வருவோம். இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் டோபமைன், நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். டோபமைன் குறைவு, அதனால் ஏ.டி.எச்.டி. என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், விஷயம் அவ்வளவு நேர்க்கோடு அல்ல. 2009-இல் நோரா வோல்கோவ் குழு மாத்திரையே எடுத்திராத ஏ.டி.எச்.டி. பெரியவர்கள் 53 பேரையும் மற்றவர்கள் 44 பேரையும் பெட் ஸ்கேனில், அதாவது மூளைக்குள் ரசாயனங்களின் நடமாட்டத்தைக் காட்டும் ஸ்கேனில், பார்த்தது. அக்கும்பென்ஸ், நடுமூளை உள்ளிட்ட பரிசுப் பாதையில், டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும், வெளிவந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளும் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் குறைவாகத் தெரிந்தன. வேறு சில ஆய்வுகளிலோ அந்தக் கடத்திகள் அதிகமாக இருந்தன. ஏன் என்று 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முன்பே மாத்திரை எடுத்தவர்களிடம் அதிகம், எடுக்காதவர்களிடம் குறைவு என்ற போக்கு தெரிந்தது. ஆகவே குறைவு, அதிகம் என்று ஒரே அளவில் நின்றுவிடும் சரக்கு அல்ல இது, பழக்கத்துக்கும் மருந்துக்கும் ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

டோபமைனை இன்ப ரசாயனம் என்று சொல்வதும் பாதிதான் சரி. இது செய்யத் தகுந்தது, இதற்கு மெனக்கெடலாம் என்று மூளைக்குச் சொல்லும் குறிப்பும் அதன் வழியாகத்தான் போகிறது. பரிசை எதிர்பார்க்கும் நேரத்தில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் அக்கும்பென்ஸ் பக்கத்துப் பகுதி சராசரியாக மந்தமாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கிடைக்கப்போகும் மதிப்பெண் அவனை இழுப்பதே இல்லை, இப்போதே கிடைக்கும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் இழுக்கிறது. மூன்று வாரமாகத் தொடாத பிராஜெக்டை, நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டும் என்னும்போது ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். "அப்ப மட்டும் முடியுதுல்ல, மனசு வெச்சா முடியும்" என்று திட்டுவோம். நெற்றிப்புறப் புறணி டோபமைன், அதைப் போன்ற இன்னொரு ரசாயனமான நார்எபிநெஃப்ரின் இரண்டும் நடுத்தரமாக இருக்கும்போது நன்றாக வேலை செய்யும், குறைந்தாலும் தடுமாறும், மிஞ்சினாலும் தடுமாறும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருடங்களாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கடைசி நேரப் பதற்றம் அந்த இரண்டையும் ஏற்றிவிடுவதால்தான் கை ஓடுகிறது என்று நான் நினைக்கிறேன். கொஞ்சம் கூடுதலாக ஏறினாலோ, அதே ஆள் அழுதுகொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

மாத்திரைகள் வேலை செய்யும் இடமும் இதுதான். மெத்தில்ஃபெனிடேட் அந்தக் கடத்திகளை அடைத்து, டோபமைனும் நார்எபிநெஃப்ரினும் கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கேயே நிற்கும்படி செய்கிறது. அட்டமாக்சிட்டின் நார்எபிநெஃப்ரின் கடத்தியை மட்டும்தான் அடைக்கிறது, ஆனால் நெற்றிப்புறப் புறணியில் டோபமைனுக்கென்று உள்ள கடத்திகள் மிகக் குறைவு, அங்கே டோபமைனையும் நார்எபிநெஃப்ரின் கடத்திதான் உறிஞ்சுகிறது, அதனால் அந்த ஒரு அடைப்பிலேயே இரண்டும் கூடுகின்றன. யாருக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று இணைப்பு. நாம் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போது, பழைய நினைவு, பகல் கனவு, அடுத்து என்ன என்று மனம் அலையும் அல்லவா, அப்போது மும்முரமாகும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. 2001-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்ல் குழு அதற்குப் பெயரிட்டது, தமிழில் இயல்புநிலை வலைப்பின்னல் என்று சொல்லலாம். ஒரு வேலையில் இறங்கியதும் இது அடங்க வேண்டும், வேலைக்கான வலைப்பின்னல் எழ வேண்டும். ஏ.டி.எச்.டி.யில் இது முழுதாக அடங்காமல் நடுநடுவே தலைநீட்டுகிறது என்று 2007-இல் எட்மண்ட் சோனுகா-பார்க், சேவியர் கேஸ்டெல்லனோஸ் இருவரும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தும் சோதனை வைத்தால், பத்து முறை பளிச்சென்று அழுத்திவிட்டுப் பதினோராவது முறை எங்கோ போய்விடுவார்கள். எல்லா முறையும் மெதுவாக இருந்தால் அது வேறு விஷயம், இங்கே ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் நடுவே உள்ள ஏற்ற இறக்கம்தான் அதிகம். "நேத்து நல்லா பண்ணானே, இன்னைக்கு என்ன கேடு?" என்று டீச்சர் கேட்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2014-இல் வந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தது. சிறு வயதில் ஏ.டி.எச்.டி. இருந்து, பெரியவர்களான பிறகும் தொடர்கிறவர்களையும், அறிகுறிகள் மறைந்துவிட்டவர்களையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். மறைந்தவர்களிடம் இயல்புநிலை வலைப்பின்னலின் உள் இணைப்பு மற்றவர்களைப் போலவே இருந்தது, தொடர்கிறவர்களிடம் குறைந்திருந்தது. ஆனால் ஒன்று எழும்போது மற்றது அடங்கும் அந்த எதிர்மறை உறவு இரு குழுக்களிலுமே பலவீனமாக இருந்தது. சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கும் ஆளிடமும் ஒரு சுவடு மிச்சம்.

இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் ஸ்கேன் செய்த 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எல்லா ஆய்வுகளும் ஒத்துக்கொள்ளும் ஒரே ஒரு இடம் என்று மூளையில் எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். சின்னக் குழுக்கள், வெவ்வேறு முறைகள் என்று காரணங்கள் பல. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தலையை அசைத்தால் படத்தில் புறணி மெலிந்ததுபோலத் தெரியும், அசையாமல் படுத்திருக்க முடியாத பிள்ளைகளைத்தான் இங்கே அசையாமல் படுக்கச் சொல்கிறோம்! என்னைக் கேட்டால் முக்கியக் காரணம் ஏ.டி.எச்.டி. என்பதே ஒரே பொருள் அல்ல, பல பாதைகள் வந்து சேரும் ஒரு ஊர். பரம்பரையின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அதற்கென்று ஒரு மரபணு கிடையாது, 2023-இல் வந்த பெரிய ஆய்வில் 27 மரபணு இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடை குறைவு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அக்காவின் கேள்விக்கு நான் சொன்ன நேரடிப் பதில் அந்த 74-தான். வளர்ப்பால் வந்தது அல்ல. அதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "உங்க அத்தான் இன்னைக்கும் வண்டிச் சாவியைத் தேடிட்டுத்தான் ஆபீஸ் போனாரு" என்றாள்.

ஏ.டி.எச்.டி.யா இல்லையா என்று முடிவு செய்வது எப்படி என்றால், கேட்டும் பார்த்தும்தான். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். தூக்கக் குறைவு, காது கேட்பதில் குறை, பதற்றம், கற்றல் குறைபாடு ஆகியவை இதைப் போலவே தோற்றம் காட்டும், அவற்றையும் பார்க்க வேண்டும். துறுதுறுப்பு இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் இதில் எளிதாக விடுபட்டுப்போகிறார்கள்.

அக்கா மகனுக்கு இரண்டாவதாகப் பார்த்த குழந்தை மனநல மருத்துவர் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அக்காவிடம் ஒரு மணி நேரம் கேட்டார், வகுப்பு டீச்சருக்கு ஒரு படிவம், வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார். அதை வைத்துத்தான் ஏ.டி.எச்.டி. என்று சொன்னார். இப்போது வீட்டுப்பாடம் பத்துப் பத்து நிமிடமாக நடக்கிறது, ஒவ்வொரு பத்துக்கும் உடனே ஒரு ஸ்டிக்கர். வரவேண்டிய கண்டக்டர் வந்து சேரும்வரை விசிலை வெளியே இருந்து கொடுக்கிறோம்: சமையலறை டைமர், வாசல் கதவில் ஒட்டிய சீட்டு. டிபன் பாக்ஸ், பாட்டில், டைரி, ஐடி கார்டு, இரண்டு ஷூ. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன், எல்லாவற்றுக்கும் மேலே அவன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "நின்னு படி."